ஆடிக் காற்றில் இரண்டு பீடரும் சேர்ந்து விழுகின்றன: கோளாறு எந்தப் பக்கம் என்று ரிலே எப்படி அறியும்?

இராதாபுரம்_மின்:
வணக்கம். இராதாபுரம் வட்டாரத்தில் ஒரு 33/11 கிலோவோல்ட் துணை மின்நிலையத்தின் பராமரிப்பைப் பார்க்கிறேன். 10 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று. அதன் 11 கிலோவோல்ட் பஸ்பாரிலிருந்து (லைன்கள் பிரியும் பொதுக் கம்பி) கிராமங்களுக்கு ஒரு பீடர், அதாவது மின்சாரம் கொண்டுபோகும் லைன், போகிறது. இன்னொன்று 5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் 2 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு மட்டுமான தனிப் பீடர்.

ஆடிக் காற்று தொடங்கியதிலிருந்து ஒரே தொல்லை. கிராமப் பீடரில் பனைமட்டை விழுந்தால், சூரிய மின்நிலையப் பீடரும் எர்த் பால்ட் (பேஸ் கம்பியிலிருந்து தரைக்கு மின்னோட்டம் பாய்வது) காட்டி டிரிப் ஆகிறது, அதாவது பிரேக்கர் தானாகத் திறந்துகொள்கிறது. நிகழ்வுப் பதிவைப் பார்த்தால் முதலில் திறந்தது எந்தக் கோளாறும் இல்லாத சூரியப் பீடரின் பிரேக்கர். அதற்குப் பின்புதான் கிராமப் பீடர். ஆட்கள் முதலில் விழுந்த லைனைத்தானே முதலில் சுற்றிப் பார்ப்பார்கள்? 5 கிலோமீட்டரும் நடந்து ஒன்றும் அகப்படாமல் திரும்புகிறார்கள். அதுவரை கிராமங்கள் இருட்டில் கிடக்கின்றன.

கோளாறு தன் லைனில் இருக்கிறதா, தனக்குப் பின்னால் இருக்கிறதா என்று, பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலே பிரித்தறிய வழி என்ன? திசை அறியும் ரிலே போட்டால் தீருமா?

காற்றாடி_பணகுடி:
இன்வெர்ட்டர்தான் காரணம், அண்ணாச்சி. கிராமப் பீடரில் ஷார்ட் ஆனதும் சூரிய மின்நிலையம் பஸ்பார் வழியாக அந்தக் கோளாற்றுக்கு மின்னோட்டம் கொடுக்கிறது. உங்கள் ரிலே அளவை மட்டும் பார்க்கிறது, போகிறதா வருகிறதா என்று பார்ப்பதில்லை. எங்கள் காற்றாலைப் பக்கத்திலும் இதே கதைதான்.

ரிலே_மேசை:
இன்வெர்ட்டர் மேல் பழி போடுமுன் கணக்கைப் பார்ப்போம். 2 மெகாவாட் என்றால் 11 கிலோவோல்ட்டில் முழு உற்பத்தியின் மின்னோட்டம் 105 ஆம்பியர். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் மின்னணுச் சுவிட்சுகள் சுடாமலிருக்க, கோளாற்றின்போது அது தன் மின்னோட்டத்தை 1.1 அல்லது 1.2 மடங்கோடு நிறுத்திக்கொள்ளும். அதாவது சுமார் 126 ஆம்பியர். இதே பஸ்பாரில் 10 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் 10 சதவீத இம்பீடன்சுடன் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) கொடுக்கக்கூடியது 5,000 ஆம்பியரைத் தாண்டும். மின்னோட்டத்தை ரிலேக்கு ஏற்பக் குறைத்துக் கொடுக்கும் சி.டி. 300/5 ஆக இருந்து ஓவர் கரண்ட் 300 ஆம்பியரில் வைக்கப்பட்டிருந்தால், 126 ஆம்பியர் அதை அசைக்கவே அசைக்காது.

விழுந்ததும் ஓவர் கரண்ட் இல்லையே, எர்த் பால்ட் அல்லவா? எனவே மூன்று விவரங்கள் வேண்டும். இரவில், சூரிய உற்பத்தியே இல்லாத நேரத்திலும் இப்படி விழுந்ததுண்டா? சூரியப் பீடரின் எர்த் பால்ட் அமைப்பு என்ன? சூரிய மின்நிலையத்தில் உள்ள டிரான்ஸ்பார்மரின் பெயர்ப் பலகையில் வெக்டர் குரூப் (இரு பக்கச் சுருள்களும் ஸ்டாரா, டெல்டாவா என்று காட்டும் குறி) என்ன போட்டிருக்கிறது?

இராதாபுரம்_மின்:
இரவிலும் விழுந்திருக்கிறது. இரவு 9 மணி வாக்கில் விழுந்த பதிவும் இருக்கிறது.

எர்த் பால்ட் 60 ஆம்பியர், 0.1 நொடி, நிலையான நேரம். தனிப் பீடர், ஒற்றை பேஸ் லோடு எதுவும் கிடையாது என்பதால் கூர்மையாக வைத்திருக்கிறார்கள். கிராமப் பீடரும் 60 ஆம்பியர்தான்; ஆனால் அது மின்னோட்டம் கூடக் கூட நேரம் குறையும் வகை, அந்த நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் டைம் மல்டிப்ளையர் 0.1.

பெயர்ப் பலகையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். 2.5 எம்.வி.ஏ., 6 சதவீதம், ஒய்.என்.டி.11. நியூட்ரல் வெளியே கொண்டுவரப்பட்டு எர்த் செய்யப்பட்டிருக்கிறது.

ரிலே_மேசை:
விடை அந்தப் பலகையில் இருக்கிறது. 11 கிலோவோல்ட் பக்கம் ஸ்டார், நியூட்ரல் எர்த். இன்வெர்ட்டர் பக்கம் டெல்டா. இப்படி ஒரு டிரான்ஸ்பார்மர் லைனில் சார்ஜ் ஆகியிருந்தாலே போதும். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எர்த் பால்ட் மின்னோட்டத்துக்கு அது இரண்டாவது வாசல். இன்வெர்ட்டர் தூங்கினாலும் டிரான்ஸ்பார்மர் தூங்குவதில்லை. இரவில் விழுந்த காரணம் இதுதான்.

எவ்வளவு வரும்? உங்கள் 10 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் ஜீரோ சீக்வென்ஸ் இம்பீடன்ஸ், அதாவது எர்த் வழியே ஓடும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 1.21 ஓம். சூரிய மின்நிலைய டிரான்ஸ்பார்மருடையது 2.9 ஓம். லைனுக்குக் கிலோமீட்டருக்கு 1.5 ஓம் என்று வைத்துக்கொண்டால் 5 கிலோமீட்டருக்கு 7.5. ஆக ஒரு வழி 1.21, மறு வழி 10.4. கோளாற்றுக்குப் போகும் எர்த் மின்னோட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சூரியப் பீடர் வழியாகப் பின்னோக்கி வரும். கிராமப் பீடரில் 1,000 ஆம்பியர் எர்த் பால்ட் என்றால் சூரியப் பீடரின் ரிலே 100 ஆம்பியரைப் பார்க்கும். 60ஐத் தாண்டிவிட்டதால் 0.1 நொடியில் டிரிப். கிராமப் பீடரின் ரிலே 1,000 ஆம்பியரைப் பார்த்தும் 0.24 நொடி எடுக்கும். உங்கள் நிகழ்வுப் பதிவின் வரிசை இதனோடு அப்படியே பொருந்துகிறது.

பழைய_கயத்தாறு:
ஓய்வுபெற்றவன் என்றாலும் இந்த விஷயம் என் காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியாது. 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலைகள் வந்தன. பிறகு கயத்தாறு, பணகுடி, இராதாபுரம் என்று பரவின. அதற்கு முன் எங்களுக்குப் பாடம் எளிது. மடையிலிருந்து வயலுக்குத் தண்ணீர் போவது போல, துணை மின்நிலையத்திலிருந்து வெளியேதான் மின்னோட்டம் போகும். எந்தப் பீடரில் பெரிய மின்னோட்டமோ அங்கேதான் கோளாறு. திசை என்ற கேள்வியே எழவில்லை.

250 கிலோவாட் காற்றாலைகள் வந்தபோது அந்தப் பாடம் முதலில் ஆட்டம் கண்டது. அவை வெறும் இண்டக்ஷன் ஜெனரேட்டர்கள். பக்கத்து லைனில் ஷார்ட் ஆனால் முதல் சில சைக்கிள்களில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தைத் திருப்பித் தள்ளும். மூன்று பேஸ் ஷார்ட் என்றால், காந்தப்புலத்தை உண்டாக்கும் எக்சைட்டேஷனுக்கு மின்னழுத்தம் இல்லாமல் உடனே அடங்கிப்போகும். ஆகவே உடனடி டிரிப்பைச் சற்று உயர்த்தி, சிறிது நேரம் கொடுத்தாலே பிரச்சினை தீர்ந்துவிடும்.

இங்கேயும் அதையே சொல்வேன். 0.1 நொடியை 0.5 ஆக்குங்கள், கிராமப் பீடர் முதலில் விலகிக்கொள்ளும். புது ரிலேக்குச் செலவு எதற்கு? அதற்கும் மேலே ஒன்று வேண்டுமென்றால் சூரிய மின்நிலைய நியூட்ரலை எர்த்திலிருந்து கழற்றிவிடச் சொல்லுங்கள். வேர் அறுந்தது.

நெல்லை_ஆய்வு:
ஐயா, நேரத்தைக் கூட்டுவது இந்த ஒரு பஸ்பாருக்குப் பொருந்தும். நியூட்ரலைக் கழற்றும் யோசனையைத் தயவுசெய்து யாரும் நடைமுறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

சூரியப் பீடரிலேயே ஒரு பேஸ் தரையைத் தொடுகிறது என்று வையுங்கள். துணை மின்நிலையப் பிரேக்கர் முதலில் திறக்கிறது. இன்வெர்ட்டர் அதை உணர்ந்து நிற்கும்வரை லைன் அதன் கையில்தான் இருக்கிறது. தொகுப்பிலிருந்து பிரிந்து தீவாகிவிட்டால் 2 நொடிக்குள் நிற்க வேண்டும் என்பதுதான் பொதுவான விதி. அந்த இடைவெளியில் எர்த் இணைப்பு எங்குமே இல்லையென்றால், நல்ல இரண்டு பேஸ்களுக்கும் தரைக்கும் இடையிலான மின்னழுத்தம் 1.73 மடங்காக உயரும். நம் 11 கிலோவோல்ட் லைன்களில் தொங்குபவை 9 கிலோவோல்ட் இடிதாங்கிகள். அவை இதைத் தாங்குமா? நியூட்ரல் எர்த் இல்லாத மின்நிலையமென்றால், அதன் வாசலிலேயே நியூட்ரல் மின்னழுத்த உயர்வைக் கண்டு விலகும் ரிலே இருந்தாக வேண்டும். எர்த் செய்தவர்கள் ஒரு காரணத்தோடுதான் செய்திருக்கிறார்கள்.

திசை பற்றி இப்போது. மின்னோட்டத்துக்குத் தானாகத் திசை கிடையாது. நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போகிறது. ஒப்பிட ஓர் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரமாக எதை எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பேஸ் மின்னழுத்தத்தை ஆதாரமாக எடுப்பது பழைய முறை. மூன்று பேஸும் பக்கத்திலேயே ஷார்ட் ஆனால் மின்னழுத்தம் சுழியாகிவிடும். அதனால் புதிய ரிலேக்கள் கோளாற்றுக்கு முந்தைய மின்னழுத்தத்தை நினைவில் வைத்து ஒப்பிடும். இரண்டாவது முறை நெகட்டிவ் சீக்வென்ஸ், அதாவது எதிர்வரிசையில் சுழலும் கூறு. சமநிலை குலைந்த எந்த அமைப்பையும் மூன்று சமநிலைக் கூறுகளாகப் பிரிக்கலாம் என்று 1918இல் மின்பொறியாளர் பார்டெஸ்க்யூ காட்டியதன் மேல் நிற்பது இது. முன்னால் கோளாறு என்றால் ரிலேக்குப் பின்னாலுள்ள மூலத்தின் இம்பீடன்ஸ் எதிர்க்குறியோடு தெரியும். பின்னால் கோளாறு என்றால் முன்னாலுள்ள லைன், மூலம் இரண்டின் இம்பீடன்ஸ் நேர்க்குறியோடு. மிக அழகான முறை. ஆனால் அது சுழலும் ஜெனரேட்டருக்காகப் பிறந்தது. ஜெனரேட்டருக்கு நெகட்டிவ் சீக்வென்ஸ் இம்பீடன்ஸ் இரும்பிலும் செம்பிலும் எழுதியிருக்கிறது. இன்வெர்ட்டருக்கு அது மென்பொருளில் எழுதியிருக்கிறது. பல இன்வெர்ட்டர்கள் சமநிலையான மின்னோட்டம் மட்டுமே கொடுக்கும்படி எழுதப்பட்டவை. நெகட்டிவ் சீக்வென்ஸை அமுக்கிவிடும். கொடுத்தாலும் கோணம் கட்டுப்பாட்டின் விருப்பம். உயரழுத்தத் தொகுப்பில் சேரும் இன்வெர்ட்டர்கள் இதைக் கொடுத்தாக வேண்டும் என்று மின் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 2800 தரம் 2022இல் கேட்டது இந்தத் தொல்லையால்தான். நம் 11 கிலோவோல்ட் லைனுக்கு அந்தத் தரம் பொருந்தாது.

ஆகவே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது. துணை மின்நிலைய முனையில் இருக்கும் ரிலேக்கு, கோளாறு முன்னால் இருக்கும்போது பின்னால் நிற்பது வலுவான தொகுப்பு. அப்போது எந்த முறையும் சரியாகச் சொல்லும். கோளாறு பின்னால் இருக்கும்போது அது பார்ப்பது இன்வெர்ட்டரின் சிறு மின்னோட்டத்தை. அந்தத் தீர்ப்பை நம்ப முடியாது. எனவே ரிலேயை 'பின்பக்கம் என்று தெரிந்தால் தடு' என்று அமைக்கக் கூடாது. 'முன்பக்கம் என்று உறுதியானால் மட்டும் திற' என்றுதான் அமைக்க வேண்டும். சூரிய மின்நிலைய முனையில் உள்ள ரிலேக்கோ தொகுப்புப் பக்கம்தான் முன்பக்கம். அங்கே மின்னோட்டத் திசையை நம்பி உட்காராமல் மின்னழுத்தத்தைக் கொண்டு விலகச் செய்ய வேண்டும்.

எர்த் பால்ட்டுக்கு மட்டும் நமக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. ஜீரோ சீக்வென்ஸ் மின்னோட்டம் டிரான்ஸ்பார்மர்களின் எர்த் வழியே ஓடுவது. இன்வெர்ட்டரின் மென்பொருள் அதைத் தொட முடியாது.

காற்றாடி_பணகுடி:
அக்கா, இன்றைய பெரிய காற்றாலைகளில் ரோட்டாருக்கு மட்டும் கன்வெர்ட்டர் இருக்கிறதே, அவை எந்தப் பக்கம் சேரும்? பக்கத்தில் ஷார்ட் ஆனால் எங்கள் 33 கிலோவோல்ட் லைனின் திசை ரிலே ஒரு தடவை முன் என்கிறது, ஒரு தடவை பின் என்கிறது.

நெல்லை_ஆய்வு:
அவை இரண்டுங்கெட்டான். கடுமையான மின்னழுத்த வீழ்ச்சியில் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற ரோட்டாரை ஒரு மின்தடையின் வழியே ஷார்ட் செய்துவிடுவார்கள். உங்கள் ஆட்கள் கிரோபார் என்பது அதைத்தான். அந்த நொடியிலிருந்து அது வெறும் இண்டக்ஷன் ஜெனரேட்டர். காற்று பலமாக இருக்கும்போது ரோட்டார் 20 சதவீதம் கூடுதல் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கலாம். மூன்று பேஸ் ஷார்ட்டில் அது கொடுக்கும் மின்னோட்டத்தின் அலைவெண் 50 அல்ல, ஏறக்குறைய 60. ரிலே நினைவில் வைத்திருக்கும் மின்னழுத்தமோ 50. இரண்டுக்கும் இடையிலான கோணம் 50 மில்லி நொடியில் 180 பாகை விலகிவிடும். முன் என்றது பின்னாவது இதனால்தான். முதல் ஒன்றிரண்டு சைக்கிளுக்குள் தீர்ப்பை எடுத்துப் பூட்டிவிடும் ரிலே வேண்டும். இல்லையென்றால் இரு முனை ரிலேக்களும் ஒன்றோடொன்று பேசும் ஏற்பாடு வேண்டும்.

இராதாபுரம்_மின்:
எர்த் பால்ட்டுக்குத் திசை ரிலே என்று முடிவெடுத்து, மின்னழுத்த ஆதாரத்துக்குப் பஸ்பார் பி.டி.யை (மின்னழுத்தத்தை அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் சிறு டிரான்ஸ்பார்மர்) பார்த்தேன். மூன்று கால் கோர் உள்ள மூன்று பேஸ் பி.டி. முதன்மைப் பக்க நியூட்ரல் எர்த் செய்யப்படவில்லை. இதிலிருந்து எஞ்சிய மின்னழுத்தம் (மூன்று பேஸ்களையும் கூட்டினால் மிஞ்சுவது) கிடைக்குமா?

ரிலே_மேசை:
கிடைக்காது, தம்பி. மூன்று கால் கோரில் ஜீரோ சீக்வென்ஸ் பாய்வு திரும்பிவர இரும்புப் பாதை இல்லை. ஐந்து கால் பி.டி. அல்லது தனித்தனி ஒற்றை பேஸ் பி.டி. மூன்றை வைத்து, முதன்மை நியூட்ரலை எர்த் செய்து, இரண்டாம் பக்கச் சுருள்களைத் தொடராகக் கட்டித் திறந்த டெல்டா எடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் ரிலே மட்டும் வாங்கிப் போட்டால், எல்லா விளக்கும் எரியும். கோளாறு வரும் நாளில் ஒப்பிட எதுவும் இருக்காது.

பி.டி. மாற்றத் தாமதமாகும் என்றால் வேறு வழி உண்டு. உங்கள் 10 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் 11 கிலோவோல்ட் நியூட்ரலில் சி.டி. இருக்கும். 11 கிலோவோல்ட் பக்கம் எங்கே எர்த் பால்ட் வந்தாலும் அந்த நியூட்ரலில் மின்னோட்டம் தரையிலிருந்து மேலேறும். அது மாறவே மாறாது. சூரியப் பீடரில் கோளாறு என்றால் அந்தப் பீடரின் எஞ்சிய மின்னோட்டம் பஸ்பாரிலிருந்து வெளியே போகும். கிராமப் பீடரில் கோளாறு என்றால் பஸ்பாருக்குள் வரும். நியூட்ரல் மின்னோட்டத்தோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் 180 பாகை வித்தியாசம். இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேறு இல்லை. ரிலேயின் முனையப் பலகையில் ஆதார மின்னோட்டத்துக்கென்று தனி உள்ளீடு இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். எல்லா ரிலேயிலும் இருக்காது. ரிலே வரும்வரை பழைய கயத்தாறு ஐயா சொன்னபடி 0.5 நொடி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய_கயத்தாறு:
நியூட்ரல் பற்றி அந்தப் பெண் சொன்னதை ஏற்கிறேன். இடிதாங்கியின் அளவைச் சொன்னதும் மறுபேச்சு இல்லை.

திசை ரிலே என்று இறங்கினால் சி.டி. போலாரிட்டியில், அதாவது அதன் எந்த முனை எந்தப் பக்கம் என்பதில், உயிரை வைத்துப் பாருங்கள். பழுதான சி.டி.யை மாற்றும்போது பி1 முனை பஸ்பார் பக்கம் இருந்ததா, லைன் பக்கம் இருந்ததா என்று குறிக்காமல் மாட்டிவிடுவார்கள். ஸ்டார் பாயிண்ட் எந்தப் பக்கம் கட்டியது என்பதும் வரைபடத்தில் ஒன்று, பெட்டிக்குள் வேறொன்றாக இருக்கும். சாதாரண ஓவர் கரண்ட் ரிலேக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. திசை ரிலேயோ தலைகீழாகிவிடும்: தன் லைனில் கோளாறு வந்தால் சும்மா இருக்கும், அடுத்த லைனில் வந்தால் திறக்கும்.

லோடு ஓடும்போது ரிலே காட்டும் திசையை வைத்துச் சோதிக்கிறேன் என்பவர்கள் காற்றாலைப் பீடரில் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். இண்டக்ஷன் காற்றாலை வாட் அனுப்பும்போதே வார் (வேலை செய்யாமல் காந்தப்புலத்துக்கு மட்டும் பயன்படும் திறன்) இழுக்கும். நல்ல காற்றில் வாட் மிகுதி. மின்னோட்டம் பின்பக்கப் பகுதியில் விழும். காற்று மந்தமான வேளையில், கெப்பாசிட்டர் சரியில்லாத இடத்தில், வாட் 1 பங்கு வெளியே வரும்போது வார் 1.7 பங்கு உள்ளே போகலாம். மின்னோட்டம் 120 பாகை பின்தங்கும். ரிலேயின் கோணம் 45 பாகையில் இருந்தால் அது முன்பக்கம் என்றே காட்டும். ரிலேயும் சரி, சி.டி.யும் சரி, சோதித்த வேளைதான் தவறு. ஆகவே வாட், வார் இரண்டையும் மீட்டரில் குறித்துக்கொண்டு, கோணத்தைக் கணக்கிட்டு, அதனோடு ரிலே ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சூரியப் பீடர் என்றால் நண்பகலில் ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை.

ரிலே_மேசை:
நியூட்ரல் சி.டி.யை லோடு வைத்துச் சோதிக்கவே முடியாது, சாதாரண நாளில் அதில் மின்னோட்டம் இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷட்டவுன் எடுத்து, பிரைமரி இன்ஜெக்ஷன் பெட்டியால் நியூட்ரல் சி.டி.யையும் பீடரின் ஒரு பேஸ் சி.டி.யையும் தொடராக இணைத்து மின்னோட்டம் செலுத்துங்கள். பீடரில் பஸ்பாரிலிருந்து லைனுக்கு, நியூட்ரலில் தரையிலிருந்து மேலே. ரிலே முன்பக்கம் என்று சொல்ல வேண்டும். பிறகு பீடர் பக்கத்து வயர்களை மட்டும் மாற்றிப் பிடித்தால் பின்பக்கம் என்று சொல்ல வேண்டும். இரண்டும் வந்தால் மட்டும் பிரேக்கரைச் சேருங்கள்.

கம்பத்தடி:
லைனில் ஏறுகிறவன் கேட்கிறேன். ரிலே திசை சொன்னாலும் அது பீடர் முழுவதுக்கும்தானே? எங்களுக்கு வேண்டியது எந்த ஏ.பி. சுவிட்சுக்கு (லைனைக் கம்பத்தில் துண்டிக்கும் சுவிட்ச்) அந்தப் பக்கம் என்பது. சில இடங்களில் லைனில் மாட்டும் கோளாறு காட்டும் விளக்கு கொடுத்திருக்கிறார்கள். சூரிய மின்நிலையம் இருக்கும் லைனில் அதை நம்பலாமா? எல்.சி. (லைனில் வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கினால் எந்தப் பக்கம் எர்த் போட வேண்டும்?

நெல்லை_ஆய்வு:
எர்த் ராட் எப்போதும் வேலை செய்யும் இடத்தின் இரண்டு பக்கமும் போடுங்கள், அண்ணாச்சி. சூரிய மின்நிலையப் பக்கத்து ஏ.பி. சுவிட்சும் கண்ணுக்குத் தெரியும்படி திறந்திருக்க வேண்டும். இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும் என்ற விதி கருவிக்கானது. கம்பத்தில் இருப்பவர் அதை நம்பி ஏறக் கூடாது.

விளக்குக்கு விடை மறுபடியும் அந்த வெக்டர் குரூப்பில்தான். 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சூரிய மின்நிலையங்கள் கிராம லைன்களின் வால்பகுதியில் சேர்ந்திருக்கலாம். அவற்றின் 11 கிலோவோல்ட் பக்கம் டெல்டாவாக இருந்தால் எர்த் பால்ட்டுக்கு அங்கிருந்து எதுவும் வராது. பேஸ் ஷார்ட்டுக்கு 126 ஆம்பியருக்கு மேல் வராது. விளக்கின் அளவை அதற்கு மேலே வைத்தால், துணை மின்நிலையத்திலிருந்து கோளாறு வரை எரியும், அதற்கு அப்பால் எரியாது. கடைசியாக எரிந்த விளக்குக்கும் முதலில் எரியாததற்கும் இடையே தேடலாம். 11 கிலோவோல்ட் பக்கம் ஸ்டார் எர்த் என்றால் இரண்டு பக்கமும் எரியும். அங்கே வெறும் விளக்கு போதாது. திசை அறியும் வகை வேண்டும். மின்னழுத்தம் அளக்காமல், கோளாற்றுக்கு முந்தைய லோடு மின்னோட்டத்தை ஆதாரமாக வைத்துத் திசை சொல்லும் வகையும் கிடைக்கிறது. பகலில் சூரிய மின்சாரம் திரும்பி ஓடும் லைனில் அதன் ஆதாரமே தலைகீழாகிவிடுவதால் அந்த வகையைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

ரிலே_மேசை:
இராதாபுரம் தம்பியின் சூரியப் பீடரில் விளக்கு மாட்டுவதாக இருந்தால், எர்த் பால்ட் அளவை 100 ஆம்பியருக்குக் கீழே வைக்க வேண்டாம். கிராமத்துப் பனைமட்டைக்கும் அது எரியும். 150இல் தொடங்குங்கள். அறுந்த கம்பி காய்ந்த தேரி மணலில் கிடந்தால் சில ஆம்பியர்தான் ஓடும். அப்போது ரிலேயும் அசையாது, விளக்கும் எரியாது என்பதைக் கம்பத்தடி தன் ஆட்களிடம் சொல்லிவைக்க வேண்டும். விளக்கு எரியவில்லை என்றாலும் கீழே கிடக்கும் கம்பியின் அருகே யாரையும் விடாதீர்கள்.